மாதிரித் தாய்மார் முந்நூறு பேர்

பிள்ளை வெளியே வந்து விழுந்ததும் இலக்கியாவுக்கு முதலில் வந்த நினைப்பு, பசிக்கிறது என்பதுதான்.

இரண்டு இட்லி கிடைத்தால் போதும், சட்னிகூட வேண்டாம். பதினாலு மணி நேரமாக நோவைத் தவிர வேறெதுவும் அறியாத உடம்பு அது. அடுத்த நினைப்பு, அப்பாடா, முடிந்தது. மூன்றாவதாகத்தான் பிள்ளையின் ஞாபகமே வந்தது. அதுவும் யார் வீட்டுப் பிள்ளை இது என்கிற மாதிரி. நர்ஸ் பவுலின் துடைத்து எடுத்துவந்து நெஞ்சில் போட்டாள். பொம்பளைப் பிள்ளை. மேலெல்லாம் மாவு பூசினதுபோல் வெள்ளை, வெதுவெதுவென்று ஒரு பாரம், முகத்தைக் கோணிக்கொண்டு ஒரு அழுகை. இலக்கியா விரல்களை எண்ணினாள். சரியாக இருந்தது. மூக்கு புருஷன் ஜோயலுடைய மூக்கு. சரி, நல்லது. அவ்வளவுதான். அதற்கு மேல் நெஞ்சுக்குள் ஒன்றும் வரவில்லை. வரவே இல்லை ஐயா, என்ன செய்வது!

எதிர்ச் சுவரில் இருந்த திரை சிவப்பாக ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. பதினேழு.

நாற்பது வேண்டும். பிள்ளை பிறந்த முதல் ஒரு மணி நேரத்தின் சராசரி நாற்பதைத் தொடாவிட்டால், பிள்ளையை வாரியத்தின் வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். நாற்பத்தெட்டு நாள் அரவணைப்பு இல்லத்தில் இருக்கும். தாய்க்காரி வாரம் ஒருமுறை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம்.

சட்டம் போட்டவர்களை முழுக்கத் திட்டவும் முடியாது. பேறுகாலத்தில் புத்தி தடுமாறின நாலைந்து பெண்கள், தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பச்சை மண்ணுக்குக் கேடு செய்துவிட்டார்கள். நாடே கொந்தளித்தது. உடனே தாய்சேய் உறுதி வாரியம் என்று ஒன்று வந்தது. அதன் கையில் இந்தப் பட்டை வந்தது. இரண்டு விரல் அகலம், நெற்றியைச் சுற்றிக் கட்டுவது. மண்டைக்குள் ஓடுகிற அலைகளைப் பிடித்து, ஏற்கெனவே பதிவுசெய்து வைத்திருக்கும் முந்நூறு மாதிரித் தாய்மாரின் அலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இவளுக்குப் பிள்ளைமேல் பாசம் இவ்வளவு என்று எண்ணாகச் சொல்லிவிடும். அரசாங்கப் பேர் பிணைப்பு அளவி. வார்டில் எல்லாரும் சொல்வது பாசப்பட்டை.

நாற்பத்தெட்டு நாள் என்ன பெரிய நாளா என்று கேட்பவர்கள் கேட்கலாம். அதற்குள் பால் வற்றிவிடும். தெருவில் பேர் கெட்டுவிடும். சிவப்பு விழுந்தவள் என்று ஒரு பட்டம் ஊரிலே புழங்க ஆரம்பித்து ஐந்து வருஷமாகிறது. அந்தப் பட்டத்தோடு புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் படுகிற பாட்டை இலக்கியா நிறையப் பார்த்திருக்கிறாள். பார்க்காமல் எப்படி? இந்தப் பிரசவ வார்டில் பன்னிரண்டு வருஷமாக அவள்தானே நர்ஸ்! எத்தனையோ நெற்றியில் இந்தக் கையால்தான் பட்டை கட்டியிருக்கிறாள்.

இன்றைக்கு அவள் நெற்றியில்.

உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பல் கிட்டியது. பிள்ளை பெற்றவளுக்கு இப்படிக் குளிர் எடுப்பது சகஜம் என்று அவளே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது அது ஒரு ஆறுதலும் தரவில்லை. கீழே டாக்டர் தையல் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். கடிகாரம் பத்து நாற்பது. இருபது நிமிஷம் போய்விட்டது.

பாசம் வா, வா என்று தன்னைத்தானே பிடித்து உலுக்கினாள். பிள்ளையின் உச்சியை முகர்ந்தாள். ரத்த வாடைதான் வந்தது. நாலு வருஷமாகப் பேசாமல் இருக்கும் தன் அம்மாவை நினைத்துப் பார்த்தாள், கோபம் வந்தது. வெளியே காத்திருக்கும் ஜோயலை நினைத்தாள். நோவின் உச்சத்தில் அவனைத் திட்டின திட்டுகள்தான் ஞாபகம் வந்தன. திரையில் எண் பதினாலுக்கு இறங்கியது.

"பவுலின், ஏறவே மாட்டேங்குடி."

"நீங்க திரையைப் பாக்காதீங்கக்கா. பாப்பாவைப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் வரலை. பயமா இருக்கு, அவ்வளவுதான். இதை எங்க போட்டுருவோமோன்னு பயம். இவ்வளவு நாளும் வயித்துல இருந்து உதைச்சது இதுதானான்னுகூட நம்ப முடியலை. நான் மோசமானவளாட்டி?"

"சும்மா இருங்கக்கா! பத்துல எட்டுப் பேருக்கு இப்படித்தான்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான்." பவுலின் குரலை இறக்கினாள். "கூட மட்டும் ஒரு பொம்பளை ஆளு இருந்திருந்தா பட்டையை எப்பவோ மாத்தியிருப்பேன்."

இதுதான் அந்த வார்டின் ரகசியம். பிரசவத்துக்குத் துணையாக ஒரு பெண் உள்ளே இருக்கலாம். எண் ஏறாமல் நின்றால், நர்ஸ் பட்டையைக் கழற்றித் துணைக்கு வந்த சித்தியின் நெற்றியிலோ அத்தையின் நெற்றியிலோ கட்டி, பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிடுவாள். எண் கிடுகிடுவென்று ஏறும். எண்பது, தொண்ணூறு! ரத்தம் இழக்காத, தூக்கம் கெடாத, தையல் போடாத பெண்ணுக்குப் பாசம் வருவதற்கு என்ன தடை? வாரியத்தின் மதிப்பீட்டு அலுவலர் அந்த ஒரு மணி நேரம் முடியும்போதுதான் உள்ளே வருவார். அதற்குள் பட்டை தாயின் நெற்றிக்குத் திரும்பிவிடும்.

இலக்கியாவுக்குத் துணை இல்லை. ஜோயலைக் கட்டிக்கொண்ட அன்றைக்கே இரண்டு வீடும் தலை முழுகிவிட்டது. ஆம்பளையை உள்ளே விடமாட்டார்கள்.

"எக்கா, நானே போட்டுப் பாக்கேன்," என்று பவுலின் பட்டையை உருவித் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டு பிள்ளையைத் தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு என்னென்னவோ கொஞ்சினாள்.

ஒன்பது.

"அடப் பாவி!" என்றாள் இலக்கியா.

"என்னக்கா செய்ய, காலையில இருந்து எனக்கு இது நாலாவது பிள்ளை. அடுத்த அறையில தண்ணிக்குடம் உடைஞ்சு கிடக்கு, அந்த நினைப்பாவே இருக்கு." பவுலினுக்கு அழுகை முட்டியது. பட்டையைத் திரும்பக் கட்டினாள். "இருங்க, அங்க ஒரு பெரியம்மா மருமகளுக்குத் துணைக்கு வந்திருக்கு. நல்ல மனுஷி. போய்க் கேக்கேன்."

அவள் ஓடினாள். இலக்கியா பிள்ளையோடு தனியாகக் கிடந்தாள்.

அந்த ஏழெட்டு நிமிஷம்தான் அவளைத் தின்றது. ஏனென்றால் பவுலினுக்குத் தெரியாத ஒன்று இலக்கியாவுக்குத் தெரியும். பட்டையை மாற்றுகிற வித்தை சட்டம் வந்த பிறகு தொடங்கினது இல்லை. சட்டத்துக்கு முன்னாலேயே தொடங்கியது, தொடங்கியவள் அவள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பட்டை செய்தவர்கள் மாதிரி அலைகளைப் பதிவுசெய்ய இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார்கள். முந்நூறு தாய்மார் வேண்டும், பிரசவித்த ஒரு மணி நேரத்துக்குள். பொறுப்பு இலக்கியாவிடம். பெற்றுக் கிடந்தவர்கள் நடுங்கினார்கள், தூங்கினார்கள், பட்டையைப் பிடுங்கி எறிந்தார்கள். முதல் பத்துப் பதிவையும் பார்த்துவிட்டு, ஒரே இரைச்சலாக இருக்கிறது, தெளிவான அலை வேண்டும், திரும்ப எடுங்கள் என்று இன்ஜினியர் கடிந்துகொண்டார். வார்டில் அன்றைக்கு இரண்டே நர்ஸ். வாயெல்லாம் பல்லாகப் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்ற ஒரு சித்தியைப் பார்த்தாள் இலக்கியா. யார் நெற்றியில் கட்டினால் என்ன, பிள்ளைமேல் பாசம்தானே வேண்டும் என்று நினைத்தாள். கட்டினாள். அலை அழகாக வந்தது. இன்ஜினியர் பாராட்டினார். பிறகு முந்நூறையும் அப்படியே எடுத்துக்கொடுத்தாள். சித்திகள், அத்தைகள், மாமியார்கள், நாத்தனார்கள். பேரும் வயதும் மட்டும் படுத்துக் கிடந்தவளுடையது.

அது ஏதோ ஆராய்ச்சி, யாரோ படிக்கப் போகிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தாள். அதையே அளவுகோலாக்கிச் சட்டம் போடுவார்கள் என்று கண்டாளா? சட்டம் வந்த முதல் வாரத்தில் பத்துக்கு எட்டுப் பேருக்குச் சிவப்பு விழுந்தபோது அவளுக்குக் கை கால் ஓடவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம். அதற்குப் பதிலாக மற்ற நர்ஸுகளுக்குப் பட்டையை மாற்றக் கற்றுக்கொடுத்தாள். அது ஊர் ஊராகப் பரவியது. நல்லதுதானே செய்கிறோம் என்று மனசை ஆற்றிக்கொண்டாள்.

துணை இல்லாமல் வந்தவர்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை. ஓடிவந்து கட்டிக்கொண்டவர்கள், வடக்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள், புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த பிரதீபா என்று ஒரு பெண். "எக்கா, எனக்குக் களைப்பாத்தான் இருக்கு, பாசம் இல்லாம இல்லக்கா" என்று இலக்கியாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அந்தக் கையைப் பிரித்துவிட்டு அவள் பிள்ளையை வண்டியில் ஏற்றியது இலக்கியாதான்.

"தாயி, இந்தப் பிள்ளையா?"

பவுலினுக்குப் பின்னால் ஒரு பெரிய உருவம் வந்து நின்றது. இசக்கியம்மாள். ஐம்பது வயசிருக்கும், காதில் பெரிய கம்மல், முகமெல்லாம் சிரிப்பு. விஷயத்தைப் பவுலின் சொல்லிவிட்டாள்போல. ஒன்றும் கேட்காமல் குனிந்து நெற்றியைக் காட்டினாள். கடிகாரம் பத்து ஐம்பத்தெட்டு.

"ஏ யப்பா, என் ராசாத்தி, என்னா முழி முழிக்கா பாரு! யாரைத் தேடுதே நீ? என்னையா தேடுதே?"

எண் இருபது, நாற்பத்தைந்து, எழுபது என்று ஓடித் தொண்ணூறில் போய் நின்றது. இலக்கியா இசக்கியம்மாளின் முகத்தையே பார்த்தாள். தன் முகத்தில் இருக்க வேண்டியது அங்கே இருந்தது. பொறாமையாக இருந்தது, கேவலமாக இருந்தது, அதே சமயம் திரையின் ஓரத்தில் சராசரி ஏறுவதைப் பார்க்கப் பார்க்க உயிரும் வந்தது. இருபத்து நாலு. முப்பது. முப்பத்தாறு. அடுத்த அறையில் மருமகள் அலறுவது கேட்டு இசக்கியம்மாள் ஒருமுறை திரும்பியபோது எண் சடாரென்று சரிந்தது. "பெரியம்மா, பெரியம்மா, இங்க பாருங்க" என்று பவுலின் கெஞ்சினாள். முப்பத்தொன்பது. நாற்பது.

மணி பதினொன்று இருபது. நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. பவுலின் பட்டையைப் பறித்து இலக்கியாவின் நெற்றியில் சொருகினாள், பிள்ளையை நெஞ்சில் போட்டாள், இசக்கியம்மாளைப் பக்கத்துக் கதவு வழியாகத் தள்ளாத குறையாக அனுப்பினாள். எல்லாம் பத்து நொடி.

மதிப்பீட்டு அலுவலர் கார்குழலி உள்ளே வந்தாள். முப்பத்திரண்டு வயசு, சேலத்துப் பெண், மாற்றலில் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. கையில் இருந்த டேப் கணினியைத் தட்டினாள். திரையில் பச்சை எழுத்து வந்தது. நாற்பத்தொன்று.

"பாஸ். வாழ்த்துகள் சிஸ்டர்."

இலக்கியாவுக்கு உடம்பெல்லாம் தொய்ந்துவிட்டது. கண்ணீர் காதுக்குள் ஓடியது. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். போகவில்லை, இவள் போகவில்லை, வீட்டுக்கு வருகிறாள்.

கார்குழலி போயிருக்கலாம். போகாமல் கட்டில் ஓரமாக நின்றாள். "ரொம்பப் பயந்துட்டீங்களா? நாற்பத்தொண்ணு போதும். அதுக்கு மேல யாரும் கேக்கப் போறதில்லை." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "எனக்கு இருபத்திரண்டு."

பவுலின் திரும்பிப் பார்த்தாள். "மேடம்?"

"நாலரை வருஷம் ஆச்சு. மழை, ரயில் நின்னுபோச்சு, அத்தை வந்து சேர முடியலை. நான் தனியாத்தான் பெத்தேன். பட்டை சரியாத்தாங்க சொல்லுச்சு. எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே தோணலை. தூக்கம் வந்துச்சு. பிள்ளை அழுவுது, எனக்குத் தூக்கம் வருது! எப்படிப்பட்ட பொம்பளை நான்னு பாருங்க."

"மேடம், அது களைப்பு..." என்றாள் பவுலின்.

"நாற்பத்தெட்டு நாள் கழிச்சுக் குடுத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் அவளை நான் தனியாக் குளிப்பாட்டினது இல்லை. தண்ணியும் பிள்ளையும் நானும் ஒரு அறையில தனியா இருக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன். எனக்குள்ள என்ன இருக்குன்னு பட்டைக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலையே. அத்தைதான் எல்லாம் பாக்குறாங்க. அதனாலதான் இந்த வேலைக்கே எழுதிப் போட்டேன். என்னை மாதிரி ஆளுங்ககிட்ட இருந்து நாலு பிள்ளைங்களையாவது காப்பாத்தலாம்னு." டேபை மூடினாள். "நீங்க குடுத்து வெச்சவங்க சிஸ்டர். நாற்பத்தொண்ணு."

இலக்கியா கண்ணை மூடிக்கொண்டாள். வாயை மூடு என்று தனக்குத்தானே சொன்னாள். இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும், ஜெயில்கூட இருக்கும், அதையெல்லாம்விட நெஞ்சில் கிடக்கிற இந்தப் பாரம் போகும். ஏமாற்றி எடுத்த எண் என்று தெரிந்தால் பிள்ளையை அந்த நிமிஷமே வண்டியில் ஏற்ற வேண்டும் என்பது விதி. நாளைக்குச் சொல்லலாம். ஒரு மாதம் கழித்து, ஒரு கடுதாசி போட்டுச் சொல்லலாம். போன தடவையும் இப்படித்தான் நாளைக்கு நாளைக்கு என்று ஐந்து வருஷம் போனது. கதவுப் பக்கம் செருப்புச் சத்தம் நகர்ந்தது.

"மேடம்."

கார்குழலி நின்றாள்.

"பட்டை சொன்னது பொய். உங்களுக்குச் சொன்னதும் பொய், எனக்குச் சொன்னதும் பொய்."

"எக்கா!" என்று பவுலின் அலறினாள்.

"நீ சும்மா இருட்டி. மேடம், அந்த முந்நூறு மாதிரித் தாய்மாரு இருக்காங்கல்லா, முதல்ல எடுத்த பத்தை அழிச்சுட்டுத் திரும்ப எடுத்தது. அதுல ஒருத்திகூட அன்னைக்குப் பிள்ளை பெத்தவ இல்லை. நான்தான் எடுத்தேன். துணைக்கு வந்தவங்க நெத்தியில கட்டி எடுத்தேன். பெத்துக் கிடக்கிறவளுக்கு என்ன தோணும்னு அந்தப் பட்டைக்குத் தெரியவே தெரியாது. யாரும் அதுக்குச் சொல்லிக்குடுக்கலை."

கார்குழலியின் முகம் இறுகியது. "சிவப்பு விழுந்தவங்க எல்லாரும் பட்டை பொய்னுதான் சொல்லுவாங்க. உங்களுக்குப் பச்சை விழுந்திருக்கு. எதுக்கு இப்படிப் பேசறீங்க?"

"நாடியைப் பாருங்க. பட்டையில நாடித்துடிப்பும் பதியுமே, அதை யாரும் திறந்தே பாக்கிறதில்லை. பிள்ளை பெத்து ரத்தம் போனவளுக்கு நாடி நூறுக்கு மேல அடிக்கும். என்னுதை முதல்ல திறங்க."

கார்குழலி நின்றபடியே டேபைத் திறந்தாள். விரல் மெதுவாக நகர்ந்தது. நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பத்து. நூற்றுப் பதினாலு. பத்து ஐம்பத்தெட்டுக்கு மேல் எழுபத்தாறு. எழுபத்தைந்து. அவள் நிமிர்ந்து பவுலினைப் பார்த்தாள். பவுலின் தரையைப் பார்த்தாள்.

"இப்ப மாதிரித் தாய்மாரை எடுங்க. எந்த நம்பரையும் எடுங்க."

நூற்றுப் பதினாலாம் மாதிரி, வயது இருபத்து நாலு, நாடி எழுபத்திரண்டு. இருநூற்று ஆறாம் மாதிரி, வயது பத்தொன்பது, நாடி எழுபது. கார்குழலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள். எழுபத்தெட்டு. அறுபத்தொன்பது. எழுபத்து நாலு. நூறைத் தாண்டின ஒன்றையாவது தேடுகிறாள் என்று இலக்கியாவுக்குப் புரிந்தது.

கடைசியில் அவள் இன்னொரு கோப்பைத் திறந்தாள். எந்தத் தேதி, யாருடையது என்று இலக்கியா கேட்கவில்லை. எட்டிப் பார்க்கவும் இல்லை. ரொம்ப நேரம் அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் கார்குழலி.

"நூத்தி இருபத்தொண்ணு," என்றாள். "அப்ப எனக்கு வந்தது வெறும் தூக்கம்தானா?"

"வெறும் தூக்கம்தான் மேடம்."

கார்குழலி எழுந்து வந்தாள். ஓங்கி ஒரு அறை விடப் போகிறாள் என்றுதான் இலக்கியா நினைத்தாள். விட்டால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அவள் கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இதை எழுதிக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? இந்தப் பிள்ளையும் போகும். பரவாயில்லையா உங்களுக்கு?"

இலக்கியா குனிந்து பார்த்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது. இப்போதும் வெள்ளமாக ஒன்றும் பொங்கி வரவில்லை. ஆனால் இதை யாரிடமும் விட மனசில்லை, அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன் மேடம். ஆனா எழுதித் தாரேன்."

கார்குழலி டேபில் நாற்பத்தொன்று என்றிருந்த பக்கத்தை எடுத்தாள். அதன் கீழே உறுதி என்ற கட்டம் இருந்தது. அதில் விரலை வைத்து அழுத்தினாள். பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துத் தலையணை ஓரத்தில் வைத்தாள்.

"இப்போதைக்குப் பிள்ளை உங்ககிட்ட இருக்கட்டும். எழுதுனா என் வேலையும் சேர்ந்துதான் போகும், அது என் பாடு. நானே உங்களுக்கு எதிரா நின்னு பேச வேண்டி வந்தாலும் வரும். முதல்ல இருந்து எழுதுங்க. ஒண்ணுவிடாம எழுதுங்க."

வாசலுக்குப் போய்ப் போனை எடுத்தாள். பதினொன்றரை மணி வெயில் நடையில் விழுந்துகிடந்தது. இலக்கியா ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேனாவைத் திறந்தாள். வெளியே கார்குழலியின் குரல் கேட்டது.

"அத்தை, பாப்பா ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?... மண்ணுல விளையாடினாளா? சரி சரி, திட்டாதீங்க... இல்லை, நீங்க தண்ணி ஊத்த வேண்டாம். நான் கிளம்பி வர்றேன், நான் ஊத்துறேன்."

இலக்கியா முதல் வரியை எழுத ஆரம்பித்தாள்.

"ஆமா அத்தை," என்றாள். "நான்தான். நீங்க வெளியிலேயே இருங்க."